சத்துத் தண்ணீர்

போர்வெல் தண்ணீர் இனிக்க ஆரம்பித்தபோது சடையங்குப்பத்தில் யாரும் பயப்படவில்லை. யசோதரா மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கல்யாணமாகி வியாசர்பாடியிலிருந்து இந்த வாடகை வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்தக் குழாயில் உப்புக் கரிக்கிற தண்ணீர்தான் வரும். சோறு வடித்தால் மஞ்சள் பூத்துப்போகும், தலைக்கு ஊற்றினால் முடி தேங்காய் நார் ஆகும். போன மழைக்கு ஆறு கரையேறி, தெருவில் இடுப்பளவு நின்று, வடிந்துபோன பிறகு அதே குழாயில் இளநீர் மாதிரி ஒன்று வந்தது. கைக்குழந்தையோடு மல்லுக்கட்டித் தூக்கம் என்றால் என்ன என்பதையே மறந்துபோனவளுக்கு எதையும் துருவிப் பார்க்கத் தெம்பில்லை. நல்லதாகப் போயிற்று என்று குடத்தை நிரப்பிக்கொண்டாள்.

வெள்ளம் வடிந்த கையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது அது தாய்ப்பாலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெந்தயம், பூண்டு, பால்சுறாப் புட்டு என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் தின்று பார்த்தாள். மார்பு காய்ந்த துணி மாதிரிக் கிடந்தது. குழந்தை ரமாபாய் பிறந்ததே எடை குறைவாக; இரண்டு மாதம் ஆகியும் கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தாள். டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் யசோதராவுக்குத் தான் ஏதோ திருட்டுத்தனம் செய்வதுபோல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரி வேன் வந்து தெருமுனையில் நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கி, பின்னால் ஓடும் ஆற்றிலும் தெருக் குழாய்களிலும் தண்ணீர் பிடித்து, சின்னச் சின்னக் குப்பிகளில் மருந்துவிட்டுக் குலுக்கினாள். எல்லாக் குப்பியும் கருஞ்சிவப்பாக மாறியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

"ஆத்துலயும் சரி, உங்க போர் தண்ணியிலயும் சரி, ஊட்டச்சத்து ரொம்ப ரொம்ப அதிகமா இருக்கு" என்றாள் அந்தப் பெண்.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். "கேட்டுக்கினியாமே யசோதரா? அங்கன்வாடில சத்துமாவு குடுக்கறான். நமக்கு சத்து தண்ணியே வந்துகினு கீது!"

தெருவே சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இன்னொரு குப்பியைத் தூக்கிக்கொண்டு யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், வேன் கிளம்பிவிட்டது. அவள் முகம் ஏன் அப்படி இருந்தது என்று யசோதரா ஒரு நிமிஷம் யோசித்தாள். படித்த பிள்ளைகள் எதற்குத்தான் சிரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து டப்பாப் பாலின் உறுத்தல் அவளுக்குப் பாதி குறைந்தது. தன் உடம்பு கொடுக்க மறுத்த சத்தைக் குழாயாவது கொடுக்கிறதே. ஆனால் பச்சைத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கிறவள் இல்லை அவள். காய்ச்சினாள். காய்ச்சும்போது வேறொரு யோசனையும் வந்தது. ஆட்டுக்கால் சூப்பு எப்படி வைக்கிறோம்? சுண்டச் சுண்டத்தானே சத்து இறங்குகிறது. அடுப்பைச் சின்னதாக வைத்து, தண்ணீர் பாதியாகும்வரை காய்ச்சினாள். அப்புறம் நாலில் ஒரு பங்காகும்வரை. பாத்திரத்தின் அடியில் மிஞ்சுவது லேசாகக் கெட்டிப்பட்டு, வெளிச்சத்தில் பார்த்தால் மீன் கண் மாதிரி மினுங்கும். அதில்தான் பாலைக் கரைத்தாள். கை வலித்தாலும், கண் செருகினாலும், அந்த ஒரு வேலையில் மட்டும் அவள் குறை வைக்கவில்லை.

தண்ணீரில் சத்து இருந்தது உண்மைதான். பால் பாட்டிலைக் கழுவி ஊற்றுகிற இடத்தில், யாரும் விதை போடாமலேயே ஒரு பூசணிக்கொடி கிளம்பியது. காலையில் கணுக்கால் உயரத்தில் இருந்தது மாலையில் ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சோற்றுத் தட்டு அகலத்துக்கு இலை. துவைக்கிற கல்லில் பாசி ஏறி, சுவருக்குத் தாவி, சுவரிலிருந்து கதவு நிலைக்கு வந்தது. சுரண்டினால் அடியில் இன்னொரு பாசி ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. வீடு முழுக்க வெட்டின புல் வாசம். அந்த வாசத்துக்கு அடியில், உற்று மோந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, அழுகின முட்டை வாடை.

கெங்கம்மா எண்ணூர் கழிமுகத்தில் இறால் தடவுகிறவள். கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, சேற்றில் கைவிட்டுத் துழாவி, அகப்பட்ட இறாலை வாயில் கவ்விய பையில் போட்டுக்கொள்கிற வேலை. வெள்ளத்துக்குப் பிறகு அவள் பை காலியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் வந்தவள் வீட்டுக்குள் போகாமல் படியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, ஒடம்பு சொகமில்லியா?" என்று கேட்டாள் யசோதரா.

"ஆத்துல உசுரே இல்லமே. மேல பச்சையா ஆடை கட்டிக்கினு கீது. உள்ள கைய வுட்டா…" கெங்கம்மா கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "ஏதோ கைய உள்ள இயுக்கறா மாதிரி கீதுமே. சேறு இல்ல. தண்ணிதான் இயுக்குது. நாளிக்கு நான் போவல."

அவள் போன பிறகுதான் யசோதரா கவனித்தாள்: தவளைகள் கத்தவில்லை. மழை விட்ட பிறகு இந்தத் தெருவில் தவளைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம்தான் வந்தது. மெதுவாக. விட்டு விட்டு. அகலமான தட்டிலிருந்து யாரோ கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பதுபோல.

குழந்தை இப்போதெல்லாம் அழுவதில்லை. அதை நினைத்து யசோதரா சந்தோஷப்பட்டாள் என்று சொல்லத்தான் வேண்டும். எத்தனை நாள் தூக்கம் அது! ரமா பாலைக் குடித்தாள், கண்ணை மூடினாள், மூடியபடியே கிடந்தாள். யசோதராவும் பக்கத்தில் சரிந்து, விழுந்த இடத்திலேயே தூங்கிப்போனாள். எழுந்தால் இன்னும் அசதி. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள், தண்ணீரைச் சுண்ட வைத்தாள், கரைத்தாள், கொடுத்தாள், சரிந்தாள்.

ஒரு மத்தியானம் குழந்தையின் நகங்களை வெட்ட உட்கார்ந்தபோது அவை சாம்பல் நீலமாக இருந்தன. உதட்டைப் பார்த்தாள். உதடும்.

அவள் புருஷன் அறிவு பார்த்துவிட்டுச் சிரித்தான். ராயபுரத்தில் துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் யார்டில் வேலை அவனுக்கு. இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு நிற்க முடியாமல் வந்திருந்தான். "எங்கப்பா கலருமே அது. கறுப்பா பொறந்தா இன்னா, ராணி மாதிரி கீறா பாரு."

யசோதராவும் சிரித்துவைத்தாள். கறுப்பு அவளுக்குத் தெரியும். அவள் கறுப்பு, அவன் கறுப்பு, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற கல்யாணப் படம் முழுக்கக் கறுப்பு. இது அது இல்லை. இது உள்ளேயிருந்து வருகிற நிறம். மறுநாள் மெயின் ரோட்டுக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த டாக்டர் சளி என்றார், சொட்டு மருந்து எழுதினார். "தண்ணியை மட்டும் நல்லா காய்ச்சிக் கொடும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து இன்னும் நன்றாகக் காய்ச்சினாள்.

பௌர்ணமியன்று சாயங்காலம் புத்தர் படத்துக்கும் பாபாசாகேப் படத்துக்கும் முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, பூசணி இலை அதை வெளியிலிருந்து மூடிவிட்டிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. சுடர் நேராக நின்றது. பிறகு தலையைச் சாய்த்தது. யசோதரா கையால் மறைத்துப் பார்த்தாள். சுடர் அவள் கைக்கு அடங்கவில்லை. அடுப்படி மூலைப் பக்கம், குடம் இருந்த பக்கம், யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் படுக்கையாக நீண்டு, மெலிந்து, அணைந்தது. புகையும் அந்தப் பக்கமே போனது. குடத்தின் வாய்க்குள் போனது.

அவள் குடத்தைத் தட்டு போட்டு மூடினாள். தட்டின் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். ஏன் வைத்தாள் என்று தன்னையே கேட்டுக்கொள்ள பயமாக இருந்தது.

மறுநாள் குழந்தை நிறம் பார்த்து அலறியவள் கெங்கம்மாதான். "இது சளி இல்லமே. தோசம் புட்ச்சிக்கினு கீது. எர்ணாவூர் பள்ளிவாசல்ல கமாலுதீன் பாய் ஓதி ஊதுவாரு. தொழுவ முடியற நேரத்துக்குப் போய் வாசல்ல நில்லு. ஒரு பாட்டில்ல தண்ணி எட்த்துக்கினு போ, அதுலயும் ஊதித் தருவாரு."

போனில் அறிவு சலித்துக்கொண்டான். "நம்ம வூட்ல அந்தப் பயக்கமே கெடையாது யசோ. பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளிக்கு லீவு போட்டுகினு நானே கூட்டிம்போறேன்."

"நாளி வரிக்கும் தாங்காதுய்யா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

சுண்டக் காய்ச்சி வைத்திருந்த தண்ணீரையே பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள். ஊதுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டாமா?

பள்ளிவாசல் வாசலில் ஏழெட்டுப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வரிசையாக நின்றார்கள். நெற்றியில் பொட்டு வைத்தவர்கள், கழுத்தில் சிலுவை போட்டவர்கள், முக்காடு போட்டவர்கள். எல்லோர் கையிலும் மூடி திறந்த பாட்டில். வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை. மணலிப் பக்கம் ஆலை நெருப்பு ஒன்று ஆரஞ்சு நிறத்தில் ஆடிக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து வந்த கமாலுதீன் பாய் வரிசையாகக் குழந்தைகளின் உச்சியில் ஊதினார், பாட்டில்களில் ஊதினார், யாரையும் பேர் கேட்கவில்லை. யசோதராவிடம் வந்தார். உதட்டில் ஓதிக்கொண்டே பாட்டிலின் வாயருகே குனிந்தார்.

ஊதுகிறவரின் கன்னம் உப்பும். இவருடையது குழிந்தது.

உதடு குவிந்தபடி இருந்தது. தாடி மயிர் பாட்டில் பக்கம் சாய்ந்தது. கண் அகன்றது. யசோதராவின் கையில் பாட்டில் கனத்தது. தண்ணீர்மட்டம் அசையவேயில்லை. அவர் இரண்டு கையாலும் பாட்டிலைத் தட்டிவிட்டார். அது படியில் விழுந்து உருண்டது. இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, தூரத்திலிருந்து ஓடிவந்தவர்போல் மூச்சு வாங்கினார்.

"இன்னா… இன்னா தண்ணிமா அது?"

"எங்க வூட்டு போர் தண்ணி பாய். சத்து தண்ணி. சுண்டக் காச்சி எட்த்தாந்தேன்."

அவர் குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். ஓதவில்லை.

"இது எங்கிட்ட வர்ற வேல இல்லமா" என்றார். "ஆஸ்பத்திரிக்கு ஓடு. நிக்காத. ஓடு!" அவரே ரோட்டில் இறங்கி ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏற்றிவிட்டார்.

ஆட்டோவில் ஏறியதும் அறிவுக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவன் புரிந்துகொண்டான். "நான் யார்டுலேர்ந்து நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் சொல்லி வெக்கிறேன். நீ வந்துகினே இரு" என்றான்.

திருவொற்றியூர் ஹை ரோடு முழுக்க டிரெய்லர்கள். துறைமுகத்துக்குப் போகிற வரிசை ஒன்று, திரும்புகிற வரிசை ஒன்று. ஆட்டோக்காரர் சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்தார். டோல்கேட்டில் சந்தும் இல்லை. முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர், இரண்டு பக்கமும் கன்டெய்னர். ஹாரன் சத்தத்துக்கு நடுவில் குழந்தை மட்டும் அமைதியாக இருந்தது. போன் அடித்தது.

"யசோ, டாக்டர் பக்கத்துல கீறாரு. கொயந்தைக்கு இன்னா தண்ணில பால் கலக்கினன்னு கேக்குறாரு."

"போர் தண்ணிய்யா."

"காச்சினியா?"

"நல்லா காச்சினேன். நாலுல ஒரு பங்கு ஆவற வரிக்கும் சுண்ட வெச்சேன். சத்து எறங்கட்டும்னு."

அந்தப் பக்கம் யாரோ அவனுக்குச் சொல்வதும், அவன் திருப்பிக் கேட்பதும் மங்கலாகக் கேட்டது. மறுபடி வந்தபோது அவன் குரல் வேறு யாருடையதோபோல் இருந்தது.

"காச்சக் கூடாதாம்மே. மேல வயக்காட்டுல கொட்டின உரம் மொத்தம் வெள்ளத்துல வந்து போர்ல எறங்கிக்கினு கீதாம். அதத்தான் சத்துன்னு சொல்லிக்கீறாங்க. காச்சினா அது போவாதாம். தண்ணிதான் ஆவியா போவும், அது கெட்டியாயி அங்கயே நிக்குமாம். பச்சக் கொயந்த ரத்தத்துல ஏறிச்சின்னா மூச்சு ரத்தத்துல ஒட்டாதாம்." அவன் அழுதுகொண்டிருந்தான். "ஊசி கீதாம்மே. போட்டா தேறிடுவாளாம். எட்த்து ரெடியா வெச்சிக்கீறாங்க. நீ மட்டும் வந்து சேரு."

போன் அவள் மடியில் நழுவியது. அடுப்புக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு நாளும் வரிசையாகக் கண்ணில் வந்தது. கண் செருகச் செருக நின்று காய்ச்சிய நாட்கள். ஐயோ, நான்தானே. என் கையாலதானே. பெற்றவள் பார்த்துப் பார்த்து ஊட்டினாளே. அவளுக்கு நெஞ்சை அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கையில் குழந்தை இருந்தது.

"அண்ணே, எறங்கி ஓடிடட்டா?"

"எங்கம்மா ஓடுவ? கால் வெக்க எடமில்ல. ரெண்டு நிமிசம், வண்டி நவுரும்."

டிரெய்லர் ஒன்றின் விளக்கு உள்ளே அடித்தது. குழந்தையின் முகம் சிலேட்டுப் பலகை நிறத்தில் இருந்தது. மார்பு ஏறவில்லை. காதை வைத்தாள். ஏறவில்லை.

"ரமா. ரமாம்மா. ஏய்."

முன்பு அவள் தையல் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் கம்பெனியில் தீ விபத்துப் பயிற்சி என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தலையை லேசாகச் சாய்க்கணும். வாயோடு மூக்கையும் சேர்த்து மூடிக்கணும். மெதுவா ஊதணும். யசோதரா குனிந்தாள். குழந்தையின் வாய் சில்லென்று இருந்தது. வெட்டின புல் வாசம். ஊதினாள்.

போனது. ஊதிய மூச்சு திரும்பி வரவில்லை.

மறுபடி ஊதினாள். அதுவும் போனது. மூன்றாவது முறை அவள் ஊதவில்லை. அதற்குள் மூச்சு தானாகவே போனது. நெஞ்சுக்குள் இருந்தது, அடிவயிற்றில் இருந்தது, அவளுக்குத் தெரியாத இடங்களில் இருந்தது எல்லாம் மெல்லிசாக, நிதானமாக, வாய் வழியாக இறங்கியது. வாயை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

காது அடைத்தது. ஹாரன்கள் தூரமாயின.

விளக்கு வெளிச்சத்தில் குழந்தையின் கன்னம் தெரிந்தது. சாம்பல் விலகிக்கொண்டிருந்தது. உதட்டோரம் சிவந்தது. நெற்றியில் வேர்வை முத்தாக அரும்பியது. குழந்தையின் தலையைத் தாங்கியிருந்த தன் கையைப் பார்த்தாள். பெருவிரல் நகம் நீலம். அடுத்த விரல். அதற்கடுத்தது.

"எம்மா, வண்டி நவுந்திச்சி! போயிடலாம்மா!" என்று ஆட்டோக்காரர் கத்தியது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது.

யசோதராவுக்கு இப்போது வாயை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. குழந்தை கண்ணைத் திறந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு தெளிவான, பசித்த கண். சின்னக் கை மேலே வந்து அவள் மார்பில் பட்டு, ரவிக்கையைக் கொத்தாகப் பிடித்தது. தொண்டை அசைந்தது. ஒரு மிடறு. இன்னொரு மிடறு. ஒரு பக்கத்து மார்பில் பால் தீர்ந்துபோனதுபோல் குழந்தை சிணுங்கி, முகத்தை அவள் முகத்தில் இன்னும் அழுத்திக்கொண்டு, குடித்தது.